கேற் கடமை

இன்றைக்குக் கேற் கடமை எனக்கு.
ஒன்றரை மணியும் அடித்தாயிற்று.
கைதடிப் பக்கம் வானம்
கரிச்சட்டியின் அடிபோலக் கவிழ்ந்து கிடக்கிறது.

மோட்டார்சைக்கிள்கள் வந்தன.
பொலித்தீன் போர்த்த தகப்பன்மார்
பெயர் சொல்லிக் கூப்பிட்டு
முன்னுக்கொன்று பின்னுக்கிரண்டாய் ஏற்றிப் போனார்கள்.
ஓட்டோ இரண்டு தரம் வந்து போனது.
வங்கிக்காரரின் மகளுக்குக் கார்.
மிஞ்சியது பதினொரு பேர்,
நடந்து வந்தவர்கள்.

அதிபர் கூட்டத்தில்.
பிரதி அதிபர் வலயத்துக்கு அடித்துப் பார்த்தார்.
அனுப்பச் சொல்லியும் அறிவித்தல் இல்லையாம்,
மறிக்கச் சொல்லியும் இல்லையாம்.
"நீங்களே பாத்துச் செய்யுங்கோ, மிஸ்"
என்றபடி ஹெல்மெட்டைத் தேடினார்.

பார்த்தேன்.
மண்டபத்துக்குத் தகரக் கூரை.
இடிதாங்கி கேட்டு எழுதி நாலு வருஷம்.
மதிலோரம் தலை எரிந்த பனை,
போன ஐப்பசியில் விழுந்த இடி.
இஞ்சை நிண்டால் பயமில்லை என்று
எந்த வாயால் சொல்ல?

கபிஷனுக்குப் பசி.
யதுர்சிகாவின் தாய் கூலிக்கு வெங்காயம் நடப் போனவள்,
போன் எடுக்கமாட்டாள்.
நிறோஜன் மட்டும் கேற்றைப் பிடித்தபடி:
"ஆட்டைத் தரவையிலை கட்டிப்போட்டு வந்தனான், மிஸ்.
சினை ஆடு. கயிறும் கட்டை."
அழுதிருந்தால் அதட்டி இருத்தியிருப்பேன்.

மின்னினால் எண்ணத் தொடங்கு,
முப்பதுக்குள் இடித்தால் வெளியில் இறங்காதே.
போன கிழமை விஞ்ஞான பாடத்தில் நான் சொன்னது.
இப்போது பதினொரு வாயும் சேர்ந்து எண்ணுகிறது.
பதினாலு.
இருபத்திரண்டு.
ஒரு தரம் நாற்பதைத் தாண்டியது, கைதட்டினார்கள்.

எனக்கும் எண்ணத் தெரியும்.
இவர்கள் வயதில் நாங்கள் எண்ணியது
குத்துகிற சத்தம் கேட்டு
ஷெல் வந்து விழும் வரைக்கும்.
அதில் சத்தம்தான் முந்தி வரும்.

இரண்டேகாலுக்கு மழை விட்டது.
இடி தூரப் போனமாதிரி இருந்தது.
அந்த மாதிரியை நம்பிக் கேற்றைத் திறந்தேன்.
நானும் கூடப் போனேன்.

"குடை விரியாதேங்கோ, கம்பி.
கை கோக்காதேங்கோ, தள்ளித் தள்ளி நடவுங்கோ."
கையைப் பிடி, கையைப் பிடி என்று
வருஷம் முழுக்கக் கத்துகிற அதே வாய்.

வெளி. ஒரு பற்றைகூட இல்லை.
இருந்தவர்களில் உயரம் நான்தான்.
அது விளங்கியபோது பாதி தூரம் வந்துவிட்டோம்.

பிறகு, வெள்ளை.
ஒன்று என்று சொல்லக்கூட இடம் இருக்கவில்லை.

"படு! குப்புறப் படு!"
என் தகப்பன் கத்துகிற கத்தல்
என் தொண்டையால் வந்தது.
நெஞ்சு சேற்றில், விரல் காதில்,
செவிப்பறை கிழியாமல் வாயைத் திறந்தபடி.

தலையை நிமிர்த்தினால்
பதினொரு பேரும் குந்தியிருக்கிறார்கள்,
பாதம் ஒட்டி, தலை கவிழ்த்து,
கரும்பலகையில் நான் கீறிய படம் மாதிரியே.
ஒருவர்கூடப் படுக்கவில்லை.
அந்தச் சொல்லுக்கு அவர்களின் உடம்பில்
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"படுக்கக்கூடாது, மிஸ்,"
குந்தியபடியே யதுர்சிகா சொன்னாள்,
"நிலத்தாலை கரண்ட் வரும்.
நீங்கள்தானே சொன்னனீங்கள்."
பின்னால் கபிஷன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

ஆடு உயிரோடுதான்.
சுற்றிச் சுற்றிக் கயிறெல்லாம் முளையில் ஏறி
கழுத்து நிலத்தோடு கிடந்தது.
திட்டித் திட்டி அவிழ்த்தான் நிறோஜன்.

மூன்று மணிக்குப் பிரதி அதிபர் அடித்தார்.
வலயத்திலிருந்து இப்பத்தான் வந்ததாம்:
மின்னல் ஓயும்வரை பிள்ளைகளை மறித்து வைக்கவும்.
"மறிச்சு வைச்சனீங்கள்தானே, மிஸ்?"

வேலிக்கு வேலி பிள்ளைகள் நுழைந்து முடிந்திருந்தார்கள்.
சேலையில் சேறு காயத் தொடங்கியிருந்தது.
திரும்ப அந்த வெளியைக் கடக்கவேண்டும், நான் தனிய.
தூரத்தில் மின்னியது.
"பொறுங்கோ சேர்" என்றேன்,
எண்ணிக்கொண்டு நின்றேன்.